பம்புக்காரன் செய்த ஜெபம்

சாட்சி சொல்வதற்கு முன்னால் ஒரு காரியம். அந்தத் தூணில் தொங்குகிற பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள், ஐயா. ஓலைப் பந்தல். சூடு நேராகக் கூரைக்குப் போகிறது. இன்னும் ஒரு முழம் கீழே. ஆங், போதும். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவன் ஜெபக்கூட்டத்துக்கு வந்தாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பான், பிறகுதான் பிரசங்கியாரைப் பார்ப்பான்.

என் பெயர் தேவராஜ். திண்டுக்கல் ஃபயர் ஸ்டேஷனில் பம்ப் ஓட்டுகிறவன். தீ என்று சொன்னதும் உங்கள் மனதில் வருகிற ஆள் நான் இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நெருப்புக்குள் போகிறானே, அவன் வேறு. நான் கிணற்றடியிலோ குளத்தங்கரையிலோ பம்ப் பக்கத்தில் நிற்கிறவன். தண்ணீரை இழுத்துக் குழாய்க்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. என்ன நடந்தாலும் பம்பை விட்டு நகரக் கூடாது. இதுதான் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், என் கால் ஓர் இடத்தில் நிற்காது. சாப்பிடும்போதுகூட இரண்டு தடவை எழுந்துவிடுவேன். "காத்துகூட ஒரு எடத்துல நிக்கும், நீங்க நிக்க மாட்டீக" என்று என் மனைவி பாக்கியம் சொல்லுவாள். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய்ப் பம்பில் நிறுத்தினார்கள். என்னை மாற்றுங்கள், குழாய் பிடிக்க அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுவிட்டது. "இஞ்சின் உன் கைக்குத்தான்யா கேக்குது" என்று ஒரே பதில்.

நான் சொல்ல வந்தது ஒரு வைகாசி மாதத்துச் சம்பவம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள் முடிகிற சமயம். அந்தக் கோடை எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. காலையில் வைக்கோல் படப்பு, மத்தியானம் புகையிலைக் கொட்டகை, சாயங்காலம் குடிசை. மேல்காற்று முன்கூட்டியே கிளம்பிவிட்டது. யாருக்கும் லீவு கிடையாது. சரியாக அந்த மாதத்தில்தான் பாக்கியம் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள்.

எங்களுக்கு அதற்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. மூக்கும் முழியுமாக இருந்தது. ஆனால் அழவில்லை. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினாள். வெந்நீர் தெளித்தாள், தண்ணீர் தெளித்தாள். அழவே இல்லை. நான் வாசலில் நின்று அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அன்றைக்கு அந்த வாசலில் நின்றவன், உள்ளுக்குள் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். ஆலயத்துக்குப் போவேன், பாட்டுப் பாடுவேன். வீட்டில் முழங்கால் போட்டால் மட்டும் ஜெபம் வராது, சண்டைதான் வரும். ஏன் ஆண்டவரே, ஒரு அழுகைச் சத்தம் கொடுக்க உமக்கு என்ன குறைந்துபோயிற்று என்று கேட்பேன்.  எழுந்துவிடுவேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்த செய்தி, பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுவந்த ஒரு ஆள் மூலம் வந்தது. அவர் பாக்கியத்தின் ஊர்க்காரர். ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "மாப்ள, பொட்டப்புள்ள. ஆத்தாளும் புள்ளையும் நல்லா இருக்காக" என்றார்.

"புள்ள அழுதுச்சாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அத நான் கேக்கலயேப்பா. புள்ளன்னா அழுகாமயா இருக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நல்லா இருக்காக என்று சொல்லிவிட்டாரே, அது போதாதா? எனக்குப் போதவில்லை. ஸ்டேஷனில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். பம்பைத் துடைப்பேன், மறுபடி துடைப்பேன். லீவு கேட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் போய்வா என்றார்கள். ஞாயிறு வரவில்லை. அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது.

போனில் வந்த ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டே காசிம் பாய் வெளியே வந்தார். எங்கள் லீடிங் ஃபயர்மேன். பேகம்பூர்க்காரர். தீ என்று வந்துவிட்டால் அவர் சொல்வதுதான் சட்டம். அவர் சொன்ன ஊர், அகரத்தைத் தாண்டி, குடகனாற்றங்கரையில் இருக்கிற ஒரு சிற்றூர். என் மாமியார் ஊர். என் பாக்கியமும் முகம் பார்க்காத என் பிள்ளையும் இருக்கிற ஊர்.

சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வண்டியில் ஏறினேன். காசிம் பாய் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவருக்கும் தெரியும்.

"தேவராசு, இங்க பாரு. வேற பம்ப் ஆளு இருந்தா ஒன்னயக் கூட்டிட்டுப் போக மாட்டேன். இல்ல. அதனால வார. அங்க என்ன பாத்தாலும் சரி, பம்ப விட்டு நகரக் கூடாது. நீ நகந்தா உள்ள போறவன் கரிக்கட்டதான். வாக்குக் குடு."

"குடுத்தேன் பாய், விடுங்க" என்று கத்தினேன். கோபத்தில் கொடுத்த வாக்கு. கொடுத்தது கொடுத்ததுதான்.

வழி நெடுக மணியை அடித்துக்கொண்டே போனோம். தாடிக்கொம்பு பக்கம் திரும்பும்போதே வடக்கே புகை தெரிந்தது. வெள்ளைப் புகை என்றால் வைக்கோல், தண்ணீர் பட்டது. கறுப்பும் மஞ்சளுமாகச் சுருண்டு வந்தால் கூரை, வீடு. அது சுருண்டுதான் வந்தது. நான் ஜெபிக்கப் பார்த்தேன். வாயில் வந்தது "ஆண்டவரே, ஆண்டவரே" என்ற ஒரு வார்த்தைதான். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. டிரைவரிடம் "வெரசாப் போய்யா, வெரசாப் போ" என்று திட்டிக்கொண்டே இருந்தேன். பின்னால் டிரெய்லர் பம்ப் குலுங்குகிற குலுக்கலில் அவன் அதற்கு மேல் ஓட்ட முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஊரில் இறங்கியதும் ஜனம் எங்களை மொய்த்துவிட்டது. "தண்ணி எங்கடா? வெறும் வண்டியவா இழுத்துட்டு வந்தீக?" என்று ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். உங்களில் பலருக்கும் இது தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் வண்டியில் தண்ணீர் கிடையாது. பின்னால் கட்டி இழுத்து வருகிற பம்பைக் கிணற்றடியில் நிறுத்தி, தடித்த குழாயைக் கிணற்றுக்குள் இறக்கித் தண்ணீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். தண்ணீர் ரொம்ப ஆழத்தில் கிடந்தாலும் பம்ப் இழுக்காது. ஆற்றோர ஊர் என்பதால் அங்கே கிணற்றில் தண்ணீர் மேலாகவே கிடந்தது. அது தேவ கிருபை.

ஓர் அம்மாள் அடுப்புச் சாம்பலைக் குப்பைமேட்டில் கொட்டியிருக்கிறார். சாம்பலுக்குள் கங்கு இருந்திருக்கிறது. மேல்காற்று அதை ஊதிக் கூரையில் ஏற்றிவிட்டது. ஒரே வரிசையாகக் கூரை வீடுகள். மூன்று எரிந்துகொண்டிருந்தன. நான்காவது என் மாமியார் வீடு. அதன் கூரை புகைய ஆரம்பித்திருந்தது. பாக்கியம் அந்த வீட்டில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பிரசவத்துக்கென்று மண்சுவர் வைத்து, ஓலை வேய்ந்து, ஒரு சின்ன அறை கட்டியிருந்தார்கள். அதற்குள் போக ஒரே ஒரு சந்து. அந்தச் சந்துக்கு ஒரு பக்கம் எரிகிற வீடு, மறுபக்கம் என் மாமியார் வீடு. அறைக்குப் பின்னால் ஆள் உயரக் கள்ளிவேலி. சந்தில் எரிகிற ஓலை கொத்துக் கொத்தாக விழுந்து கிடந்தது.

என் மாமியார் ஆற்றில் பிரசவத் துணிகளை அலசப் போனவர், புகையைப் பார்த்து ஈரத் துணியோடு ஓடி வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் மார்பில் அடித்துக்கொண்டார்.

"உள்ளதான் இருக்கா மாப்ள! ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காக! கூப்புட்டுப் பாத்தேன், கொரலே இல்ல!"

நானும் அத்தையும், மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன், அதுவரைக்கும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. கல்யாணத்தில் ஏதோ ஒரு சில்லறைப் பேச்சு, அதிலிருந்து முறைப்புத்தான். அன்றைக்கு அதெல்லாம் எங்கே போயிற்றோ. நான் சந்தை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், வைத்துவிட்டேன். அதற்குள் காசிம் பாய் குறுக்கே வந்து நின்றார்.  கையை மட்டும் கிணற்றுப் பக்கம் நீட்டினார்.

திரும்பினேன். கால் திரும்பியது, நெஞ்சு திரும்பவில்லை. குழாயை மாட்டி, கிணற்றுக்குள் இறக்கி, இஞ்சினை முடுக்கினேன். காசிம் பாய் முன்னால் குழாயைப் பிடித்தார், சின்னச்சாமி என்ற ஃபயர்மேன் பின்னால் தாங்கினான். தலையிலிருந்து கால்வரை நனைத்துக்கொண்டார்கள். தண்ணீர் வந்தது. முதலில் மாமியார் வீட்டுக் கூரையை நனைத்தார்கள். எரிவதை விட்டுவிட்டு எரியாததை ஏன் நனைக்கிறான் என்று ஜனம் வைதது. தீ அடுத்து எங்கே கால் வைக்கப் போகிறதோ, அங்கே நாம் முதலில் நிற்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. பிறகு சந்துக்குள் நுழைந்தார்கள். எரிகிற ஓலையைத் தண்ணீரால் தள்ளித் தள்ளி வழிசெய்துகொண்டு போனார்கள். புகை மூடிவிட்டது. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது மண்ணில் கிடக்கிற குழாய் மட்டும்தான். அது நெளிந்து நெளிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று இஞ்சின் சத்தம் மாறியது. பம்ப் வெறும் காற்றை இழுத்தால் ஒரு ஊளைச் சத்தம் வரும். அந்தச் சத்தம். அழுத்தம் காட்டுகிற முள் கீழே விழுந்தது. தரையில் கிடந்த குழாய் தட்டையாகிப் போயிற்று.

கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஐயோ, என்னத்தைச் சொல்ல! நாங்கள் வருவதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் தொரட்டிக் கம்பால் எரிகிற கூரையைப் பிய்த்துப் பிய்த்து இழுத்து, எங்கே போட்டிருக்கிறார்கள் தெரியுமா? கிணற்றில். தண்ணீரில் போட்டால் நெருப்பு அணைந்துவிடும் அல்லவா! அது தப்பான யோசனையும் இல்லை. அவர்கள் அப்படிச் செய்திருக்காவிட்டால் இன்னும் நாலு வீடு போயிருக்கும். ஆனால் அவ்வளவு ஓலையும் வைக்கோலும் கரியும் தண்ணீரில் ஊறி, பம்ப் இழுத்த இழுப்பில் எங்கள் குழாயின் வாயை அடைத்துவிட்டது. குழாயின் வாயில் சல்லடை உண்டு, அதற்கு மேல் நாங்கள் கட்டுகிற பிரம்புக் கூடையும் உண்டு. குளத்துப் பாசிக்கு அது தாங்கும். ஒரு தெருவின் கூரைக்குத் தாங்கவில்லை.

சந்துக்குள்ளிருந்து விசில். நீளமாக ஒரு விசில். தண்ணீர் கொடு என்று அர்த்தம். மறுபடி விசில்.

உள்ளே இரண்டு பேர், கையில் வெறும் குழாய். அவர்களுக்கும் அந்தப் பக்கம் என் மனைவி, என் பிள்ளை. நான் மட்டும் வெளியே, நல்ல காற்றில். குழாயை மேலே இழுத்து ஓலையைப் பிய்த்து எறிந்தேன். இறக்கினேன். காற்றை வெளியேற்றித் தண்ணீரை மறுபடி ஏற்றினேன். ஒரு மடக்குத் தண்ணீர் போனது, மறுபடி அடைத்துக்கொண்டது.  போட்டுவிட்டு ஓடு என்று கால் சொல்லியது. ஓடி என்ன செய்வேன்? ஒன்றும் செய்ய முடியாது. நெருப்பின் முன்னால் வெறுங்கையோடு நிற்கிறவனால் சாகத்தான் முடியும். அது தெரிந்தும் கால் துடித்தது.

அங்கேதான் ஜெபித்தேன். முழங்கால் போடவில்லை, கண் மூடவில்லை, கை குவிக்கவில்லை. ஒரு கை இஞ்சினை முடுக்குகிற திராட்டிலில், ஒரு கை குழாயில். வாய்விட்டுக் கத்தினேன். "ஆண்டவரே! ஒன்று என்னைப் போக விடும், இல்லை என் காலைக் கட்டிப்போடும்! இப்படி ரெண்டுங்கெட்டானாக நிற்க வைக்காதேயும்! எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். தண்ணீர் வேண்டும். தண்ணீர் கொடும்!" பக்கத்தில் நின்றவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

அதைச் சொல்லி முடித்ததும் வானத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. ஒரு கோழி வந்தது. சிரிக்காதீர்கள். நெருப்புக்குப் பயந்து எங்கிருந்தோ ஒரு கோழி கத்திக்கொண்டு என் காலுக்குக் கீழே ஓடியது. அதைப் பார்த்ததும் என் புத்தியில் சட்டென்று வந்தது. பஞ்சாரம்! கோழியைக் கவிழ்த்து மூடுகிற பெரிய மூங்கில் கூடை. எங்கள் பிரம்புக் கூடையைப்போல நாலு மடங்கு. அதை நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கி, அதற்குள் குழாயின் வாயை வைத்தால் குப்பையெல்லாம் வெளியே நிற்கும், தண்ணீர் மட்டும் உள்ளே வரும்.

"பஞ்சாரம்! யாராச்சும் ஒரு பஞ்சாரம் கொண்டாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"இந்நேரத்துல கோழி கேக்குது பாரு இவனுக்கு" என்று ஒரு கிழவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

என் அத்தை ஒன்றும் கேட்கவில்லை. ஏன், எதற்கு, ஒன்றுமே கேட்கவில்லை. ஓடினார். எந்த வீட்டுப் பஞ்சாரமோ, குஞ்சுகளை உதறிக் கொட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் சொன்னதைக் காதில் வாங்கினார், சேலையைத் தூக்கிச் செருகினார், கிணற்றுப் படியில் இறங்கிவிட்டார். ஆண்கள் அத்தனை பேர் நிற்கிறார்கள். "ஏத்தா, எறங்காத, அனல் கெடக்கு!" என்கிறார்கள். தண்ணீர்மேல் இன்னும் புகைந்துகொண்டு ஓலை மிதக்கிறது. மார்பளவு தண்ணீரில், படிக்கல்லில் நின்று, பஞ்சாரத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். மூங்கில் மிதக்கும், பிடித்தே ஆக வேண்டும். ஒரு பையன் குழாயின் வாயை அதற்குள் இறக்கினான். அத்தை முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இழுங்க மாப்ள! நான் பிடிச்சுக்கிட்டேன். நீங்க இழுங்க!"

இழுத்தேன். ஊளைச் சத்தம் நின்றது. இஞ்சின் கனத்துப் பேச ஆரம்பித்தது. முள் மெல்ல எழுந்தது. குழாய் உயிர் வந்த மாதிரி புடைத்துக்கொண்டு சந்துக்குள் ஓடியது. ஆண்டவரே, ஸ்தோத்திரம், ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்று ஒவ்வொரு மூச்சுக்கும் சொன்னேன்.

ஆனால் உள்ளேயிருந்து விசில் இல்லை. தண்ணீர் கிடைத்தது என்பதற்கும் ஒரு விசில் உண்டு. அது வரவில்லை. நான் நின்றேன். என்னால் செய்யக்கூடியது அது ஒன்றுதான். முள்ளைப் பார்ப்பேன், புகையைப் பார்ப்பேன், மறுபடி முள்ளைப் பார்ப்பேன். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கால் மட்டும் துடிக்கவில்லை. அதைக் கவனித்தேன். யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு விசில் வந்தது. உடனே புகைக்குள்ளிருந்து சின்னச்சாமி வந்தான், பாக்கியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு. முகமெல்லாம் கரி, முடி கருகியிருந்தது. நடந்து வந்தாள். என் கண்ணால் பார்த்தேன், தன் காலால் நடந்து வந்தாள். அவள் கையில் பிள்ளை இல்லை.

 அவளிடம் கத்திக் கேட்டேன். இஞ்சின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் பின்னால் கை காட்டினாள். காசிம் பாய் வந்தார். குழாயை ஒருக்களித்துப் பிடித்தபடியே, இன்னொரு கையில் ஒரு ஈரத் துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குள் வேறு இரண்டு ஆண்கள் கிணற்றில் இறங்கிப் பஞ்சாரத்தை வாங்கிக்கொண்டார்கள். அத்தை சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்து, காசிம் பாயிடமிருந்து பிள்ளையை வாங்கினார். காசிம் பாய் நிற்கவில்லை, திரும்பி எரிகிற வீட்டுக்குப் போனார். தீ அணையவில்லை. மூன்றாவது வீட்டில் இன்னும் கொழுந்து இருந்தது. அப்படியென்றால் என் வேலையும் முடியவில்லை.

அத்தை பிள்ளையை என்னிடம் கொண்டுவந்தார். பம்பின் பக்கத்தில் வந்து, துணியை விலக்கி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் மகளை நான் முதல் முதலில் பார்த்தது அங்கேதான். மூக்கில் கரி. நெற்றியில் ஈரம். கண்ணை இறுக மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. தொட முடியவில்லை. ஒரு கையை எடுத்தால்கூட முள் இறங்கும். திறந்த வாய் துடிக்கிறதா, அசையாமல் இருக்கிறதா? அழுகிறதா, இல்லையா? இஞ்சின் போடுகிற சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. அத்தை ஏதோ சொல்கிறார், அவருடைய வாய் அசைகிறது, அதுவும் கேட்கவில்லை. முந்தின பிள்ளையின் முகமும் இதே மாதிரித்தான் இருந்தது. அப்படியே கையை நீட்டியபடி அத்தை நிற்கிறார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது.

கடைசியில் காசிம் பாய் கையைத் தூக்கிச் சைகை காட்டினார். போதும், நிறுத்து.

இஞ்சினை நிறுத்தினேன். அந்த இரைச்சல் அடங்கினதும் கேட்டது. என் மகள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அப்படி ஓர் அழுகை. இவ்வளவு நேரமும் என் காதுக்குப் பக்கத்தில்தான் அழுதுகொண்டிருந்திருக்கிறாள். "ஆத்தி, என்னமாக் கத்துறா பாருங்க, ஒங்களப் போலவே" என்று அத்தை சொன்னார். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு நானும் அழுதேன். ஒரு வாசலில் நின்று நான் கேட்காமல் போன சத்தத்தை, ஆண்டவர் இந்தக் கிணற்றடியில் எனக்குக் கேட்க வைத்தார்.

உள்ளே என்ன நடந்தது என்று பாக்கியம் பிறகு சொன்னாள். சந்து எரிவதைப் பார்த்ததும் கதவைச் சாத்தியிருக்கிறாள். குளிப்பதற்கு வைத்திருந்த வேப்பிலைத் தண்ணீரில் சேலையை நனைத்துக் கதவின் அடியிலும் இடுக்கிலும் அடைத்திருக்கிறாள். இன்னொரு துணியை நனைத்துப் பிள்ளையைச் சுற்றி, மூலையில் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்திருக்கிறாள். புகை மேலேதான் நிற்கும், தரையில்தான் மூச்சுவிடக் காற்று இருக்கும். நெருப்பில் சாகிறவர்களைவிடப் புகையில் சாகிறவர்கள்தான் அதிகம் என்று எங்கள் பயிற்சியில் சொல்லுவார்கள். இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க தூக்கத்துலகூட இதானே ஒளர்றீக. 'தரையோட படு, தரையோட படு'ன்னு அதட்டுவீக. நானும் எந்திரிச்சு எம்புட்டு நாளு பயந்துருக்கேன்!" என்றாள்.

காசிம் பாயின் வலது கை வெந்துபோயிருந்தது. தண்ணீர் நின்ற நேரத்தில் அவரும் சின்னச்சாமியும் சந்திலேயே குப்புற விழுந்து கிடந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது, தண்ணீர் நின்றதே பாய், பயப்படலையா என்று கேட்டேன். "பம்புல நீ நிக்கிறன்னு தெரியும்ல. வரும்னுதான் படுத்துக் கெடந்தோம். அல்லா பாத்துக்குவான்" என்றார். அதைக் கேட்டு என்னால் தலை நிமிர முடியவில்லை. நான் இரண்டு எட்டு வைத்தது அவருக்கும் தெரியும். அதை அவர் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

என் மனது இன்னும் பூராவும் ஆறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எரிந்துபோன மூன்றாவது வீட்டுக்காரர் கருப்பையா. அவருடைய ஆடுகளும் போயின. சாம்பலைக் கிளறிக்கொண்டே, "நீயும் சாமியக் கூப்புட்ட, நானுந்தான்யா கூப்புட்டேன்" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்த லீவில் அவருக்குக் கூரை வேயப் போனேன். அதுதான் என்னால் முடிந்தது. ஓலையை எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா? என் அத்தை. "இங்கிட்டு வாங்க மாப்ள, அங்கிட்டு நிக்காதீக, ஒரு எடத்துல நிக்கிற ஆளா நீங்க!" என்று நாள் முழுக்க என்னை ஏசிக்கொண்டே கொடுத்தார். அதிலிருந்து எங்களுக்குள் முறைப்பு இல்லை, சண்டை மட்டும்தான்.

என்னைக் குழாய் பிடிக்க மாற்றுங்கள் என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. என் சுபாவம் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பாருங்கள், இவ்வளவு நேரமும் உங்கள் முன்னால் நடந்துகொண்டேதான் பேசியிருக்கிறேன். ஆனால் பம்ப் பக்கத்தில் நின்றால் நிற்கிறேன். இப்போது ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறோம்: சாம்பலில் தண்ணீர் தெளித்துக் கொட்டுங்கள், எரிகிற ஓலையைக் கிணற்றில் போடாதீர்கள், புகைக்குள் மாட்டினால் தரையோடு தவழுங்கள். அதைச் சொல்லிவிட்டு, எல்லா ஊரிலும் பஞ்சாரம் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன். சிரிப்பார்கள். கேட்டுத்தான் வைக்கிறேன்.

பிரியமானவர்களே, நீங்கள் கேட்டது கிடைக்காமல் ஏதோ ஒரு வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். போகவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அங்கேயே, வேலை செய்கிற கையோடு, கோபத்தோடு வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். நான் கோபத்தோடுதான் கூப்பிட்டேன். அவர் கேட்டார்.

இன்னும் ஒன்றே ஒன்று. என்னைக் கடந்து உள்ளே போகிறவர்கள் யாருடைய பிள்ளையைத் தேடிப் போகிறார்கள் என்று இப்போதெல்லாம் எனக்குத் தெரிவதில்லை. பேர் தெரியாது, ஊரும் சில நேரம் தெரியாது. முள்ளைப் பார்த்துக்கொண்டே அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபிக்கிறேன், அது அழுகிற சத்தம் என் காதில் விழுகிற வரைக்கும். எங்கள் வண்டி உங்கள் தெருவில் ஓடுவதைப் பார்த்தால், வழிவிட்டு ஒதுங்கி நின்று நீங்களும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள். அன்றைக்கு நாங்கள் போகிறது உங்கள் வீட்டுக்காகவும் இருக்கலாம்.